கம்ப்ரசர் பக்கத்தில் சாப்பிட்டவள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே கம்ப்ரசர் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கோமளா மதியச் சாப்பாட்டை முடிப்பாள். வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். சூடு, எண்ணெய் நாற்றம், காதை அடைக்கிற இரைச்சல். அந்த இரைச்சலுக்காகத்தான் அவள் அங்கே போனாள். அவள் வயிறு என்ன சத்தம் போட்டாலும் அதில் அமுங்கிப்போகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கையில் வெட்டுப்பட்டால் ஊரே வந்து விசாரிக்கும். வயிற்றில் காற்று என்று சொல்லிப் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கோமளாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஆவடி சேக்காட்டில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. கணவன் அழகேசன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் கார்த்திகாவை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். “சாப்ட்டியாம்மா?” என்பாள். “சாப்ட்டேன்டி” என்பாள் இவள். அதற்கப்புறம் பேரனின் பள்ளிக்கூடம், மாமியாரின் முழங்கால் என்று பேச்சு வேறு எங்கோ போய்விடும். என்ன சாப்பிட்டாய் என்று மகள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோமளா பொய்தான் சொல்லியிருப்பாள்.

போன வருஷம் கட்டியால் ரத்தப்போக்கு நிற்காமல், கர்ப்பப்பையோடு முட்டைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். விட்டது சனியன் என்று வீடு வந்தவளுக்கு வேறொன்று காத்திருந்தது. சும்மா இருக்கும்போதே யாரோ அடுப்பை மேலே கவிழ்த்தது போல உடம்பெல்லாம் பற்றிக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும். தூக்கம் இல்லை. எலும்பெல்லாம் குடைச்சல். காரணமே இல்லாமல் பஸ்ஸில் கண்ணீர் வரும். ஆவடியில் அவள் பார்க்கிற டாக்டரம்மா, உடம்பு சுரப்பதை நிறுத்திய ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று மாத்திரை எழுதினார். சூடு மெல்ல அடங்கியது. ராத்திரி தூங்க முடிந்தது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் வயிறு வேறு கணக்குப் போட்டது. சாயங்காலமானால் பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும், அதுவும் தலைகீழாக நின்றால். சொல்லவே வேண்டாம், அக்கம்பக்கத்தில் வைத்தியருக்கா பஞ்சம்? வயிறு மந்தம் என்று மட்டும் மேலோட்டமாகச் சொன்னாள். கிழங்கு வாயு என்றாள் எதிர்வீட்டுக்காரி. பருப்பை விட்டுவிடு என்றாள் மாடிவீட்டுக்காரி. கத்திரிக்காய் ஆகாது, தயிர் சளி பிடிக்கும், முருங்கைக்கீரை ராத்திரியில் கூடாது. கோமளா சொன்ன பேச்சுக் கேட்கிறவள். ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ரசமும் சோறும்தான் மிஞ்சின. அதற்கும் மேலே, நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைச் சூரணம் வாங்கி வந்தாள். எப்போதாவது ஒரு நாள் பேதிக்கு எடுத்து வயிற்றைக் கழுவுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அவள் அதைத் தினசரி ஆக்கினாள். காலையில் ஹார்மோன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்த அரைமணியில் கழிவறைக்கு ஓடினாள். உள்ளே ஒன்றும் இல்லாத வயிறு முன்பைவிட அதிகமாகச் சத்தம் போட்டது.

இந்தக் கஷ்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளுக்கு மதியம் என்றால் கொண்டாட்டம். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். டப்பா மூடியைத் திருப்பி, அதில் அவரவர் கொண்டுவந்த காயை வைத்து நடுவில் தள்ளுவார்கள். யார் கை யார் மூடியில் போகிறது என்று கணக்குக் கிடையாது. நாளைக்கு யார் கீரை, யார் பொரியல், யார் குழம்பு என்று முதல் நாளே பேசி வைப்பார்கள். தனிக்கட்டையான கோமளா ஒரு காய் செய்தால் போதும், நாலு காய் சாப்பிடுவாள். ஒரு நாளில் அவள் மனிதரோடு சாப்பிடுகிற வேளை அது ஒன்றுதான். வீட்டில் தட்டும் அவளும் டிவியும்.

வயிற்றுத் தொல்லை ஆரம்பித்த பிறகுதான், பூந்தமல்லியிலிருந்து ஷாகிதா புதிதாக வேலைக்கு வந்து, முதல் நாள் அந்த வட்டத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பெண். வெட்கப்பட்டுக்கொண்டே, “அக்கா, எங்க ஊட்டுக் கறி வறுவல், துன்னு பாருங்க” என்று பெரிய துண்டாக எடுத்துக் கோமளாவின் சோற்றில் வைத்தாள். சரியாக அந்த நேரத்தில் கோமளாவின் வயிறு புரண்டது. இன்னும் ஒரு நொடி இருந்தால் எல்லார் எதிரிலும் மானம் போகும். “எனக்கு வேணாம்மா” என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தவள், திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். மறுநாள் எந்த முகத்தோடு வந்து உட்காருவது? கம்ப்ரசர் கொட்டகைக்குப் போய்விட்டாள். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று முதல் வாரம் முழுக்க வழியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். யாரும் வரவில்லை. அது அவளுக்கு வயிற்றைவிட அதிகமாக வலித்தது.

அப்படியே மாதங்கள் ஓடின. அடங்கியிருந்த சூடு திரும்பவும் தலைதூக்க, டாக்டரிடம் போனாள். அந்தப் பாழாய்ப்போன மாத்திரையே இனி வேண்டாம் என்று சொல்லிவிடுகிற தீர்மானத்தில்தான் போனாள். டாக்டரம்மா வேறு ஏதோ கேட்டார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

இதைக் கோமளாவிடம் யாரும் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

“டீயும் ரஸ்க்கும்.”

“நேத்து மத்தியானம்?”

“ரசம் சோறு.”

“ராத்திரி?”

“அதே தான் டாக்டர். காயெல்லாம் உட்டுட்டேன். எல்லாமே வாயுன்றாங்க. சூரணம் ஒண்ணு தெனமும் போட்டுக்கினு கீறேன், அதனாலதான் கொஞ்சமாவது போவுது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. “ஹார்மோன் குறைஞ்சாலே குடல் கொஞ்சம் மந்தமாகும்மா. மாத்திரையும் சிலருக்கு ஆரம்பத்துல உப்புசம் கொடுக்கும். வந்து சொல்லியிருந்தா பொறுமையா சரி பண்ணியிருக்கலாம். நீங்க குடலைப் பட்டினி போட்டுட்டு, தினமும் அடிச்சு ஓட வெச்சிருக்கீங்க. பேதியோட மாத்திரையும் ஓடிப்போனா அது எப்படி வேலை செய்யும்? சூடு திரும்ப வராம என்ன பண்ணும்?”

மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் தடவுகிற ஜெல் எழுதிக் கொடுத்தார். சூரணத்தை இனித் தொடக் கூடாது என்றார். கீரை, காய், ஊறவைத்த பயறு, தயிர் எல்லாம் திரும்ப வரட்டும், ஆனால் ஒரே நாளில் போட்டு அடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் நிறையக் குடிக்கணும். சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கணும். “ஒரே சாப்பாடு வேண்டாம். விதவிதமா உள்ள போகணும்.”

“தனி ஆளுக்கு எத்தினி விதம் செய்றது டாக்டர்? கால் கிலோ அவரைக்கா வாங்குனா மூணு நாளைக்கு அதே அவரைக்காதான்.”

“வேலை செய்யற எடத்துல எல்லாரும் சேர்ந்து சாப்பிட மாட்டீங்களா?”

பாவம், டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். கோமளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

சில வாரங்களில் வயிறு வழிக்கு வந்தது. முழுசாக அல்ல, ஆனால் நாலு பேர் நடுவே உட்காரலாம் என்கிற தைரியம் வந்தது. ஒரு திங்கட்கிழமை அவரைக்காய்ப் பொரியலில் தேங்காய் தாராளமாகத் துருவிப் போட்டு எடுத்துக்கொண்டு, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூடியைத் திருப்பிப் பொரியலை நடுவில் தள்ளினாள். அந்த வட்டத்தில் ராஜம்மாதான் வயதில் மூத்தவள். “வா” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜி தலையே நிமிரவில்லை. பொரியலில் ஒரு கையும் படவில்லை.

“ஷாகிதா இன்னிக்கு லீவா?” என்று கேட்டாள் கோமளா, ஏதாவது பேச வேண்டுமே என்று.

“லீவெல்லாம் இல்ல” என்றாள் விஜி. “பேக்கிங் ரூம்ல துன்னுகினு கீறா. தெனமும் அங்கதான்.”

“ஏன்?”

“ஏனா? நல்லா கேக்குறக்கா. அவ கறி வெச்ச அன்னிக்கு நீ மூடிக்கினு எழுந்து போனல்ல? அன்னியிலர்ந்து அவளுக்குச் சோறே எறங்கல. என்னாலதான் அந்தக்கா வெளியில உக்காந்துகினு கீறாங்க, நான் போய்ட்டா அவங்க வந்துடுவாங்கன்னு எழுந்து போனா. நீயும் வர்ல.”

“நீங்களும் அப்டித்தான் நெனைச்சீங்களா?”

“நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே, கோமளா” என்றாள் ராஜம்மா. “நாங்க வேற இன்னா நெனைக்கிறது?”

நம் ஊர் லட்சணம் இதுதான். ஒருவர் சோற்றை மூடினால் வயிற்றுக்கு என்ன என்று எவரும் கேட்கமாட்டார்கள். சாதி, மதம் என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், அதையும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். ஒரே கம்பெனியில் இந்த மூலையில் கோமளாவும் அந்த மூலையில் ஒரு சின்னப் பெண்ணும் இத்தனை மாதம் தனித்தனியாகச் சோறு தின்றிருக்கிறார்கள். ஒருத்தி தன் வயிற்றுக்கு வெட்கப்பட்டு. இன்னொருத்தி இவளுக்காக. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பேக்கிங் ரூமில் மடக்கிய அட்டைப் பெட்டிகள் மேல், வாசலுக்கு முதுகைக் காட்டி ஷாகிதா உட்கார்ந்திருந்தாள். கோமளா உள்ளே வந்ததும் டப்பாவை மூடப் போனாள்.

“உக்காருங்கக்கா. நான் முடிச்சிட்டேன்.”

“எங்க முடிச்ச? அப்டியே கீது.” கோமளா அவள் எதிரில் உட்கார்ந்தாள். “ஷாகிதா, அன்னிக்கு நான் எழுந்து போனது உன்னால இல்ல. எனக்கு வயித்துல காத்து.”

ஷாகிதா லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. “பரவால்லக்கா. அதுக்குன்னு ஒரு காரணம் சொல்லணும்னு இல்ல. எங்களுக்குப் பழக்கம்தான்.”

அது கோமளாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. வெட்கத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பரேஷன், உடம்பு எரிந்தது, மாத்திரை, உப்புசம், சூரணம், காலையில் ஓடின ஓட்டம், கம்ப்ரசர் இரைச்சலில் போய் ஒளிந்தது. “நீ கறி வெக்கிறப்ப என்னால அடக்க முடியல. உன் எதுர்லயே ஆயிடும்னு ஓடுனேன். பெத்த பொண்ணுக்குக் கூட இதெல்லாம் சொல்லல” என்றாள். ஷாகிதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. கோமளா கையை நீட்டி, கேட்காமல் கொள்ளாமல், ஷாகிதாவின் டப்பாவில் விரலை வைத்தாள்.

ஷாகிதா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

அவ்வளவுதான், எல்லாம் கைமீறிவிட்டது என்று நினைத்தாள் கோமளா. கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றாமல் அப்படியே இருந்தாள்.

“அதுல மொச்சை கீதுக்கா” என்றாள் ஷாகிதா. குழம்பிலிருந்து மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் பக்கம் ஒதுக்கினாள். மிச்சத்தைக் கோமளாவின் மூடியில் எடுத்து வைத்தாள். “கத்திரிக்காய மட்டும் துன்னுங்க. மொச்சைய நான் பாத்துக்கறேன்.”