ஐஸில் வைத்த துளசி

சௌரிராஜனுக்குத் தெரியாத தாவர சாஸ்திரம் இல்லை என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே நம்பியது. அவரும் நம்பினார், அதுதான் வினை. திருச்சியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். பீட்ரூட் துண்டைக் கொதிநீரில் போட்டால் சிவப்பெல்லாம் வெளியே கொட்டும், பச்சைத் தண்ணீரில் உள்ளேயே நிற்கும். சூட்டில் செல்லின் சவ்வு பிடி விட்டுவிடும் என்று வருஷா வருஷம் பையன்களுக்குச் செய்து காட்டுவார். எதிர்வீட்டுக்காரியான எனக்கும் காட்டியிருக்கிறார்.

அவர் மனைவி கமலவல்லிக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் மூன்றாவது. இதாவது நிலைக்கவேண்டும் என்று, நாற்பத்தெட்டு நாள் பெருமாளுக்குத் துளசி மாலை வேண்டிக்கொண்டாள். கொல்லையில் பறித்துத் தானே தொடுத்து அனுப்புவாள். துவாதசியன்று துளசி பறிக்கக்கூடாது. அதனால் முதல் நாளே பறித்துத் தொடுத்து, ஈரத்துணி சுற்றித் தூக்குப் பாத்திரத்தில் வைப்பாள். மூன்று துவாதசி அப்படித்தான் கழிந்தன.

நாற்பத்தெட்டாம் நாளும் துவாதசி. சித்திரை வெயில் வேறு.

"இந்தச் சூட்டுக்கு ஈரத்துணி எம்மாத்திரம்?" என்று சௌரிராஜன் ஐஸ் கட்டி வாங்கி வந்தார். பெட்டியில் மரத்தூளோடு அதைப் போட்டு, நடுவே தூக்கை இறக்கினார்.

"வேண்டாமே" என்றாள் கமலவல்லி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் திறந்தால் மாலை கன்னங்கரேலென்று சொதசொதத்துக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"குளிரும் சவ்வைக் கெடுக்கும் போலிருக்கு. உள்ளே இருந்த சாறெல்லாம் கசிஞ்சுடுத்து. இதுலே சகுனம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்றார் சௌரிராஜன். அன்று பிராக்டிகல் பரீட்சை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"இன்னிக்குப் பறிக்கப்படாது மாமி. உச்சிக்குள்ளே மாலை போகலேன்னா..." என்றாள் கமலவல்லி.

"நீ உட்காரு, நான் போய் யாராத்திலேயாவது கேட்டு வாங்கிண்டு வரேன்" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு, வெறுங்காலோடு, நேற்றே பறித்து வைத்த துளசி யார் வீட்டில் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு உத்தர வீதி முழுக்கக் கதவு தட்டியிருக்கிறாள். ஒரு வீட்டில் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து தொடுத்து, கோயிலில் கொடுத்தும்விட்டாள்.

திரும்பி வந்து என் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் நான் பார்க்காத நிம்மதி.

"பூர்த்தியாயிடுத்து மாமி. இனிமே பயமில்லே" என்றாள்.

நான் கீழே பார்த்தேன். பன்னீர்க்குடம் உடைந்து, அவள் காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேர்வை என்று நினைத்து அவள் புடவையை உதறிக்கொண்டிருந்தாள்.