குகதாசனுக்குப் படைத்த சொசேஜ்

குகதாசன் செத்து எட்டாம் நாள். எட்டுச்செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கவேண்டும், மீன், இறைச்சி என்று மச்சமென்றாலும் பரவாயில்லை. மனுசனுக்கு என்ன விருப்பம் என்று கமலேஸ்வரியிடம் ஒருவரும் கேட்கவில்லை. மாங்குளத்தில் அக்கம்பக்கத்துச் சனத்துக்கெல்லாம் தெரியும், சொசேஜ்தான். பெண்சாதி கமலேஸ்வரி வேலை செய்வதே சொசேஜ் கொம்பனியில்.

அவளுக்குத்தான் கை வரவில்லை. கொம்பனியில் அவள் நிற்பது அரைக்கிற பகுதியில். கோழியின் நெஞ்சும் தொடையும் நல்ல விலைக்கு வேறு பெட்டியில் போய்விடும். மிஞ்சுகிற கழுத்து, முதுகெலும்பு, எலும்பில் ஒட்டிய சவ்வு எல்லாவற்றையும் மெசினுக்குள் கொட்டினால் எலும்புத்தூள் ஒரு பக்கம், இளஞ்சிவப்புக் களி மறுபக்கம். அதோடு தோல், கொழுப்பு, ஐஸ், மா, உப்பு, வாசனைத்தூள். உறையில் அடைத்து அவித்துவிட்டால் யார் கண்டது! பெட்டியில் கோழி இறைச்சி என்றுதான் போட்டிருக்கும். பொய்யென்றும் சொல்ல ஏலாது.

கிழமை முடிவில் விற்க ஏலாத, வளைந்ததும் வெடித்ததுமான சொசேஜை வேலைக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் அதை வாயில் வைத்ததில்லை, புருசனுக்குத்தான் பொரித்துக் கொடுப்பாள். உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று ஒருமுறை அவர் கேட்டதற்கு, இறைச்சிதான், பேசாமல் சாப்பிடுங்கோ என்று வாயை அடைத்துவிட்டாள். நெஞ்சு நோவென்று படுத்த மனுசன் எழும்பவேயில்லை. அன்றிலிருந்து அந்தப் பதில் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆனாலும் பொரித்தாள். அவருடைய விருப்பத்தில் கைவைக்க அவள் ஆர்? பொரித்துத் தட்டில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் வந்த கொழுந்தன் பிரதாபனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“தெரிஞ்சுகொண்டுதான் குடுத்தனான் தம்பி. அந்தாள் என்னை நம்பிச் சாப்பிட்டது.”

பிரதாபன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அண்ணைக்கு எல்லாம் தெரியும் அண்ணி. அவருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. நாள் முழுக்கக் கொம்பனிக் குளிரறைக்குள்ள நிண்டுபோட்டுக் கொண்டு வாறாள், வேண்டாமெண்டா மனம் நோவாள் எண்டுதான் சாப்பிட்டவர்.”

கமலேஸ்வரி அடுப்படியில் குந்திவிட்டாள். அப்ப அவருக்கு என்னதான் விருப்பம் என்று கேட்டாள். கட்டின மனுசனைப் பற்றி இன்னொருவரிடம் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“நீங்கள் வைக்கிற விரால் குழம்புதான். இரணைமடுக் குளத்து விரால்.”

வேலைக்குப் போகத் தொடங்கியபின் ஒருநாளாவது அதை வைத்தாளா? மீன் வாங்கட்டா என்று அவர் கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சொசேஜ் கிடக்குத்தானே என்று அவள்தான் மறித்தாள்.

முன்னறையில் தேவாரம் பாடி முடித்துவிட்டார்கள். இலை போட்டாயிற்று, படைக்கிறதைக் கொண்டு வா என்று கூப்பிட்டார்கள். வேறொன்றும் சமைத்திருக்கவில்லை. அவள் சொசேஜ் தட்டைத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.