வெங்கடம்மாவின் பன்னிரண்டு பாத்திகள்

தகவல் கேட்டு மனு போட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இது என் ஆசை அல்ல — சட்டம். அரசுப் பணியில் இருந்த காலத்தில் அந்த முப்பது நாளை எப்படியெல்லாம் நீட்டலாம் என்பதில் நான் நிபுணன். மனு போடும் பக்கம் எவ்வளவு வெயில் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

என் மனு தக்காளியைப் பற்றியது.

நகரத்து நடுவே ஜோகுபாளையத்தில் இருப்பவனுக்குத் தக்காளியைப் பற்றி என்ன மனு? சொல்கிறேன். நகரத்துக்கு வெளியே, சந்தாபுராவில் என் மகளின் அபார்ட்மென்ட். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்கடம்மாவின் ஒரு ஏக்கர். ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், விதைக்கடையில் கொடுத்த நோட்டீஸை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இதுல இலை சுருட்டு வராதுன்னு போட்டிருக்கா பாருங்க. ரெண்டு வருசமா செடியெல்லாம் சுருண்டு போச்சு. தசராவுக்குள்ள நல்ல விதையா ஒண்ணு கண்டுபிடிக்கலன்னா, எங்கூட்டுக்காரர் நெலத்தை வீட்டுமனை போடற லேஅவுட்காரனுக்குக் கொடுத்துடுவாரு."

போட்டிருந்தது. கொட்டை எழுத்தில், கலர் படத்தோடு. பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டதாம். பரிசோதித்தது யார்? விதையை விற்கும் அதே கம்பெனி. மாப்பிள்ளைக்கு அவன் அம்மாவே எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்காதவர்கள் யாருமே சோதிக்கவில்லையா? சோதித்திருக்கிறார்கள். அரசுப் பண்ணை ஒன்றில் பல ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்ததாக அந்தப் பண்ணையின் அறிக்கையிலேயே ஒரு வரி இருந்தது. எந்த ரகம் தேறியது என்ற வரியைத்தான் காணோம்.

அந்த வரியைக் கேட்டு மனு போட்டேன். பதில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க நான் என்ன பொதுஜனமா? உள்ளே இருந்தவன் ஆயிற்றே. பண்ணையில் செய்ததை நாமே செய்து பார்த்துவிடலாம் என்றேன்.

மற்ற இடத்தில் பீன்ஸ். ஒரு மூலையில் மட்டும் பன்னிரண்டு பாத்தி. நாலு ரகம், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்த ரகம் போர்வெல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். ரகங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயர்ப் பட்டியல் என் மகளின் பீரோவில்.

"பேரே தெரியாத புள்ளைங்களை எப்படி சார் வளக்கறது?" என்றார் வெங்கடம்மா.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி வளர்க்கணும். அதுதான் விதி."

அவர் கணவர் கிருஷ்ணப்பா வரப்பில் நின்றபடி சிரித்தார். "வாத்தியார் இல்லாத ஸ்கூல்ல பரீட்சை. நடத்துங்க, நடத்துங்க."

ஐந்து ஞாயிறு ஒழுங்காகப் போனது. ஆறாவது ஞாயிறு நான் போனபோது, மூன்றாம் நம்பர் பாத்திகளில் மட்டும் வேப்பெண்ணெய் வாசனை. மண்ணிலும் ஈரம் அதிகம்.

"வெங்கடம்மா... மூணாம் நம்பருக்கு மட்டும் ஏதாவது செஞ்சீங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் பீன்ஸ் கொடியைச் சரி செய்தார். "வெள்ளை ஈ அடிச்சு வாடி நின்னுச்சு சார். வேப்பெண்ணெய் தெளிச்சேன். நாலு நாளா ரெண்டு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தறேன். அவ்ளோதான்."

"மத்ததுக்கு?"

"அதுங்களுக்கு என்ன கேடு? நல்லாத்தானே நிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் எதற்குச் சீட்டுக் குலுக்கினோம், எதற்கு நம்பர் போட்டோம், ஒன்றுக்கு மட்டும் சலுகை காட்டினால் அது பரிசோதனையா என்று ஆரம்பித்து, மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று முடித்தேன்.

"கண்ணு முன்னால காயற செடியை சும்னே நின்னு பாக்கச் சொல்றீங்களா சார்? விதி உங்களுக்கு. பாவம் எனக்கு."

நான் பாத்திக் குறிப்பு நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிருஷ்ணப்பாவுக்குக் கொண்டாட்டம். "விடுங்க சார். லேஅவுட்காரன் நேத்தும் போன் பண்ணான்."

பாத்திகளைப் பிடுங்கவில்லை. பிடுங்க வெங்கடம்மா விடவில்லை. நானும் அடுத்த மூன்று ஞாயிறு அந்த மூலைப் பக்கமே போகவில்லை. கெட்டுப்போன ஃபைலை யார் திறந்து பார்ப்பார்கள்?

முதல் பறிப்பு நடந்த ஞாயிறு, மகள் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு வழியில்லாமல் நானும் கூடவே போனேன். மூன்றாம் நம்பர் மூன்று பாத்தியிலும் சுருண்டு கிடந்தது. எண்ணெய், தண்ணீர், கரிசனம்... எதுவும் பலிக்கவில்லை. யாருமே திரும்பிப் பார்க்காத ஒன்றாம் நம்பர், மூன்று இடத்திலும் இலை விரித்துக் காய் பிடித்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சலுகை கிடைத்தும் ஒன்று தோற்றது. சலுகையே இல்லாமல் இன்னொன்று ஜெயித்தது. இதைவிட நியாயமான முடிவு எந்தப் பண்ணையில் கிடைக்கும்? வெங்கடம்மா பரிசோதனையைக் கெடுக்கவில்லை. போட்டிக்காரனுக்குச் சலுகை கொடுத்து, ஜெயித்தவனின் வினாத்தாளைக் கடினமாக்கியிருக்கிறார்.

மகள் பெயர்களைப் படித்தாள். மூன்றாம் நம்பர், அந்தக் கலர் நோட்டீஸ் ரகம். ஒன்றாம் நம்பர், விதைக்கடையில் கேட்டால் மட்டும் உள்ளே போய்த் தேடி எடுத்துத் தரும், நோட்டீஸ் எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் பாக்கெட்.

கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. பாத்தி பாத்தியாக நடந்து, ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டும் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"நாத்து எப்ப விடணும்?" என்றார் மனைவியிடம்.

தசராவுக்கு லேஅவுட்காரர் நேரிலேயே வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் ஏக்கர் முழுக்க ஒன்றாம் நம்பர் நாற்று இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேர், கத்தரிக்கும் இப்படிப் பார்க்கலாமா என்று கேட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தது கிருஷ்ணப்பா.

நான் சும்மா இருக்கவில்லை. முப்பது நாள் தாண்டியதுமே முதல் மேல்முறையீடு. பிறகு ஒரு நினைவூட்டல், அதோடு எங்கள் பன்னிரண்டு பாத்திகளின் குறிப்பு நோட்டின் நகல். வேப்பெண்ணெய் விஷயத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தேன்.

பதில் வந்தது. பண்ணையின் அட்டவணை முழுதாக இருந்தது. முதலிடத்தில் எங்கள் ஒன்றாம் நம்பர். கீழே, நான் பணியில் இருந்த காலத்தில் ஒருமுறைகூட எழுதாத ஒரு வாக்கியம்: "தங்கள் பகுதி விவசாயிகளின் குறிப்புகள் எங்களுக்கு உதவியாக இருக்கும். தொடர்ந்து அனுப்ப இயலுமா?"

கடிதத்தில் போட்டிருந்த தேதி நவம்பர் ஐந்து. என் கைக்குக் கிடைத்த தேதி நவம்பர் பதினெட்டு. நாளை நீட்டும் என் பழைய வித்தை அங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.