வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவில்

ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு திமிர் அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது. எண்பதுகளின் கடைசி வருடங்கள். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் ஆவடியிலிருந்து சென்ட்ரல், மாலையில் சென்ட்ரலிலிருந்து ஆவடி. எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வரும், எது எங்கே நிற்காது, எத்தனையாவது பெட்டியில் ஏறினால் ஆவடியில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பதெல்லாம் எனக்கு விரல் நுனியில். பெண்கள் பெட்டியில் தினமும் வருகிறவர்கள், "இவளைக் கேட்டா போதும், போர்டைப் பாக்க வேணாம்" என்பார்கள். கேலிதான். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தடத்தில் நான்கு தண்டவாளங்கள். இரண்டு, எல்லா நிலையங்களிலும் நின்று போகும் யூனிட் வண்டிகளுக்கு, அதாவது உள்ளூர் மின்சார ரயில்களுக்கு. அதை ஸ்லோ என்போம். தள்ளியிருக்கும் இரண்டில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் போகும். நெரிசல் நேரத்தில் ஒன்றிரண்டு யூனிட் வண்டிகளையும் அதில் விடுவார்கள். அது ஃபாஸ்ட். வில்லிவாக்கத்தில் நின்றுவிட்டுக் கிளம்பினால் அது அடுத்து அம்பத்தூரில்தான் நிற்கும். நடுவில் கொரட்டூர் என்றும் பட்டரவாக்கம் என்றும் இரண்டு நிலையங்கள் இருப்பதையே கண்டுகொள்ளாமல் போகும்.

பெண்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார இடம் கிடைத்தவளின் மடி அவளுக்குச் சொந்தமில்லை. நிற்கிறவர்கள் கைப்பையை, டிபன் கேரியரை, காய்கறிக் கூடையைக் கேட்காமலே மடியில் வைத்துவிடுவார்கள். இறங்கும்போது கையை நீட்டுவார்கள், கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை என் மடியில் பெரம்பூர் முதல் ஆவடி வரை ஒரு தென்னங்கன்று வந்தது. குழந்தையும் அப்படித்தான். யார் பெற்றதோ, நம் மடியில் தூங்கும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கூட வந்தவள் ஏற முடியாமல் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால், வண்டியில் இருப்பவள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். நின்றுவிட்டவள் பின்னால் வரும் வண்டியில் வந்து சேர்ந்துகொள்வாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேடி அலையக் கூடாது என்பதற்காக.

அன்று மாலை சென்ட்ரலிலிருந்து கிளம்பிய ஸ்லோவில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெரம்பூரில் ஒருத்தி குழந்தையோடு ஏறினாள். என் வயதுதான் இருக்கும். பச்சைப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. தினமும் வருகிற முகம் இல்லை. கூட்டத்தில் திணறிக்கொண்டு என்னைப் பார்த்து, "யக்கா, இத்த கொஞ்சம் வச்சிக்கோ" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஏழெட்டு மாதப் பெண் குழந்தை. என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தது. அவள் கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

வில்லிவாக்கத்தில் எப்போதும் கூட்டம் மொத்தமாக இறங்கும், மொத்தமாக ஏறும். இறங்கின கூட்டம் அவளையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவள் திரும்பி ஏறப் பார்ப்பதற்குள் ஏறுகிற கூட்டம் வாசலை அடைத்தது. வண்டி ஊதியது. "என் புள்ள! என் புள்ள உள்ள கீது!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சைப் புடவை பிளாட்பாரத்தில் வண்டியோடு ஓடி வந்தது.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினேன். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நிக்கேன்! பின்னால வர்ற வண்டியில வா! கொரட்டூர்!" அவள் தலையை ஆட்டியது தெரிந்தது. பிறகு பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

பெட்டிக்குள் ஒரே கூச்சல். ஒருத்தி, "சங்கிலிய இழுங்கடி" என்றாள். நான்தான் தடுத்தேன். வண்டி நடுவழியில் நிற்கும், அவள் தண்டவாளத்திலேயே ஓடி வருவாள், எதிரில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ரயில் விஷயத்தில் நான் சொன்னால் மறுபேச்சு இல்லையே.

கொரட்டூரில் எங்கள் பெட்டியிலிருந்து நான் மட்டும் குழந்தையோடு இறங்கினேன். வண்டி போனபின் பிளாட்பாரம் சட்டென்று காலியானது. சீட்டு கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா மட்டும் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. புது இடம் என்றதும் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. இடுப்பில் வைத்து ஆட்டினேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அது வில்லாக வளைந்து கத்தியது.

"யாரு கொழந்தம்மா இது?" என்றாள் பூக்காரம்மா.

"என் கூட வந்தவங்களோடது. பின்னால வர்றாங்க."

"பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். அவள் கையிலிருந்த பூச்சரத்தைக் கூடையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "என்ன பார்க்கீங்க? ஸ்லோ வந்ததும் அவங்களே எறங்குவாங்க, கேட்டுக்கிடுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று கேட்பதற்காகச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன்.

உள்ளே இருந்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். கேட்டவுடன், "அடுத்தது ஃபாஸ்ட்டும்மா. இங்க நிக்காது. ஸ்லோ அதுக்கப்புறம்தான்" என்றார்.

எனக்குத் தெரியாத விஷயமா அது? அந்த ஸ்லோவுக்குப் பின்னால் ஃபாஸ்ட் வரும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அதைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லாமல், வருகிற வண்டியில் ஏறு என்று நானே வாயால் கத்தியிருக்கிறேன். நடந்ததை அவரிடம் கொட்டினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, தொலைபேசியை எடுத்து வில்லிவாக்கத்தைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பச்சைப் புடவையா?"

"ஆமா சார்."

"ஃபாஸ்ட்ல ஏறிட்டாங்களாம். இப்பதான் வண்டி கெளம்பிச்சாம். பரவால்லம்மா, அம்பத்தூர்ல எறங்கித்தான் ஆவணும். அங்க சொல்லிப் பிடிச்சு வைக்கச் சொல்றேன். நீங்க இந்த எடத்த விட்டு நவராதீங்க. நீங்களும் கெளம்பிட்டா ரெண்டு பேரும் ரெண்டு திக்குல போயிடுவீங்க."

அவர் மறுபடி எண்ணைச் சுழற்றினார். நான் பிளாட்பாரத்துக்கு வந்தேன். இரண்டு நிமிடத்தில் ஃபாஸ்ட் வந்துவிடும். அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. அது முதல் பயத்தைவிடப் பெரியது.

அவள் எங்கே நிற்பாள்? வாசலில்தான் நிற்பாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொரட்டூர் எப்போது வரும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி வேகம் குறையாமல் போகும். பிளாட்பாரத்தில் தன் குழந்தை அழுதுகொண்டிருப்பதைப் பார்ப்பாள். பார்த்தால் குதித்துவிடுவாள். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் பிளாட்பாரம்கூடக் கிடையாது, ஜல்லிக்கல்தான். வண்டி நிற்பதற்கு முன்னால் குதித்து இறங்குகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறவள் நான். பெற்றவள் யோசித்துக்கொண்டா நிற்பாள்?

அவள் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. சரியா தப்பா என்று நினைக்க நேரமில்லை. தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. குழந்தையை முந்தானையால் போர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு, சீட்டு கொடுக்கும் அறையின் பின்பக்கச் சுவரை நோக்கி ஓடினேன்.

"எங்கடி ஓடுற!"

பூக்காரம்மா கூடையை உதைத்துத் தள்ளிவிட்டு என் பின்னால் வந்தாள். சுவரைத் திரும்பியதும் என் பின்னலைப் பிடித்துவிட்டாள். "புள்ளய குட்றீ! அண்ணாத்தே, யாராச்சும் ஓடியாங்களேன்!" என்று அலறினாள். நான் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, "அவ பாத்தா குதிச்சிருவா, அவ பாத்தா குதிச்சிருவா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது. சக்கரச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல், என்ன வார்த்தை என்றே புரியாத ஒரு குரல், வந்து தாண்டிப் போனது. பூக்காரம்மாவுக்கும் கேட்டது. என் பின்னலை விட்டுவிட்டாள்.

என்னால் சுவரை விட்டு வர முடியவில்லை. "கொஞ்சம் போய்ப் பாருங்கக்கா, தண்டவாளத்துல ஏதாவது கெடக்கான்னு" என்றேன். அவள் போனாள். அவள் திரும்பி வர ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, வா."

அதற்குள் நாலைந்து ஆண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு கேள்வி. பூக்காரம்மாவே அவர்களை விரட்டினாள். டீக்கடையிலிருந்து ஆறிய பாலை வாங்கிவந்து, குழந்தையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அது இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைத் துப்பியது.

அறைக்குள் தொலைபேசி அடித்தது. நான் குழந்தையோடு ஜன்னலில் போய் நின்றேன். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார். "அம்பத்தூர்ல எறங்கிட்டாங்க. ஆனா தலையில அடிச்சிகிட்டு அழுவுறாங்களாம். புள்ளையத் தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்களாம். கொழந்த இங்க பத்திரமா இருக்குன்னா நம்ப மாட்டேங்குறாங்களாம். போலீசக் கூப்பிடுன்றாங்க."

"குழந்தைய அழ வைக்கேன் சார், போன்ல கேக்கட்டும்" என்றேன். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அவர் ரிசீவரை ஜன்னல் வழியாக நீட்டினார். அழ வைக்க வேண்டிய தேவையே இல்லை, அது அழுதுகொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டதோ தெரியாது. சென்ட்ரல் போகிற அடுத்த வண்டியில் ஓர் ஊழியரைத் துணைக்குப் போட்டு ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வண்டி வந்தது. அவள் இல்லை. குழந்தை அழுது அழுது ஓய்ந்து என் தோளில் விக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டி வந்தபோது நான் எழுந்து நிற்கவே பயந்தேன். பச்சைப் புடவையைப் பூக்காரம்மாதான் முதலில் பார்த்தாள். "தோ வந்துகினு கீறா பாரு!" என்றாள்.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டு வழியாக அழைத்துவந்தார். அவள் தலை அவிழ்ந்திருந்தது. ஒரு செருப்பு இல்லை. என்னிடம் வந்து குழந்தையைப் பிடுங்கினாள். காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கை கால்களை விரித்துப் பார்த்தாள். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். என்னை அறைவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஏன்க்கா செவுத்துப் பின்னால போன?" என்று கேட்டாள்.

அவள் பார்த்திருக்கிறாள். "நீ புள்ளயப் பாத்தா குதிச்சிருவியோன்னு பயந்துட்டேம்மா. ஃபாஸ்ட்னு சொல்லாம விட்டது என் தப்பு. உனக்கு ஏதாவது ஆயிட்டா…"

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"குதிக்கத்தான்க்கா ஒரு கால வெளிய வச்சேன். அப்பதான் தூரத்துலயே நீ புள்ளய மூடிகினு ஓடுனத்தப் பாத்தேன். அய்யோ, இவ திருடிகினு ஓடுறா, நான் செத்துப்பூட்டா இவள யாரு புடிப்பாங்கன்னு தோணிச்சு. அதான் கம்பிய உடல."

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திருடி என்று ஒருத்தி நினைத்ததற்காக, அன்று வாய்விட்டுச் சாமிக்கு நன்றி சொன்னேன்.