உப்புக்குக் கொடுத்த காணி

இல்லை, ஆஸியா உம்மா கொழுப்பெடுத்துப் போகவில்லை. டவுன் ஆசையும் அவளுக்கு இருந்ததில்லை. கிணற்றடியில் நின்று அப்படிப் பேசுகிறவர்கள், ராஜகாரியம் என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொண்டு பேசட்டும்.

ராஜாவுக்குச் செய்கிற காரியம், அவ்வளவுதான். கண்டியில் ராஜா இருந்த காலத்தில் கூலி கொடுப்பதில்லை, காணி கொடுப்பார். அந்தக் காணியில் விளைவதைத் தின்கிறவர்கள் அவருக்கு வேலை செய்ய வேண்டும். ஆஸியா உம்மாவின் புருஷன் பளீலுடைய முன்னோர் பொதிமாடு ஓட்டியவர்கள். கடற்கரையிலிருந்து மலைக்கு உப்பேற்றி வந்ததற்குத்தான் பல்லேகலப் பக்கத்தில் அந்த வயல் கிடைத்தது. பிறகு ராஜா போனார், ரயில் வந்தது, உப்பு கடையிலேயே கிடைத்தது. காரியம் மட்டும் போகவில்லை. வளவு என்கிற ஊர்ப் பெரிய வீட்டின் எஜமான் ஹாமு அதைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். பளீலும் வருஷா வருஷம் பெரும்போக அறுவடைக்கு முன்னால் கண்டிக் கடையில் உப்பு வாங்கி, வளவின் பின்வாசலில் இறக்கிவிட்டு வருவார்.

அவர் காய்ச்சலில் மவுத்தான வருஷம் ஆஸியா உம்மாவே மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போனாள். இறக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பளீலின் தம்பி சாஹுல் ஹமீது வந்தான்.

“மதினி, ஹாமுவுக்கு உப்பு வேணாமாம். ஒங்கட மக கைரியாவ வளவுக் குசினில சமையல் வேலைக்கு அனுப்பட்டாம்.”

“எத்தன நாளைக்கு?”

“அங்கயே ஈக்கட்டாம். சோறு, உடுப்பு எல்லாம் குடுப்பாங்க. ஒரு வாய் கொறஞ்சா உங்களுக்கும் லேசுதானே.”

“அப்ப ஒங்கட மகள அனுப்புங்க.”

“காணில ஈக்கிறது நீங்கதானே.”

“காணி உப்புக்குத் தந்தது, தம்பி. புள்ளைக்கித் தந்ததில்ல.”

“ஏலான்னு சொன்னா வயலும் போகும், வீடும் போகும். ராஜகாரியம் மதினி இது.”

“அப்ப ராஜாவே வந்து கேக்கட்டும், யோசிப்பம்.”

அவன் போன பிறகும் அவள் அழவில்லை. வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுத்துக்கொண்டாவது போ என்று பக்கத்து வீட்டு ஹபீலா கெஞ்சினாள். அறுத்தால் அந்த வருஷம் காணியைத் தின்றதாகிவிடும்; தின்றால் காரியம் கேட்பார்கள், கைரியாவைக் கேட்பார்கள். அந்த வழக்கம் ஆஸியா உம்மாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு கதிர்கூடக் கிள்ளவில்லை. விடியலில் சுபஹு தொழுதாள். சட்டி பானையைச் சாக்கில் கட்டினாள். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, கண்டிப் பாதையில் இறங்கி நடந்தாள்.