பொண்ணு பார்த்த அன்னிக்கு எழவு

அன்னிக்கு வீட்டுல இருந்தது நான். என் பொஞ்சாதி. உள்ளறையில மகள். பூனாகலையிலிருந்து பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை. அவரோட அப்பா. அவரோட அம்மா. மழையில வேற யாரும் வரல.

எழவுன்னா சாவு. ஆனா எங்க மடுல்சீமைப் பக்கம் பிடிக்காத எல்லாத்துக்கும் அதுதான் பேரு. மழை எழவு. கால்ல ஏறுற அட்டை எழவு. பாதியில நிக்கிற பஸ் எழவு. சொல்றப்ப யாரும் சாவை நினைக்கிறதில்ல. நல்ல காரியம் நடக்கிற வீட்டுல மட்டும் அதைச் சொல்லக்கூடாது.

எனக்கு வாயைத் திறந்தா அதுதான் வரும்.

போன வருஷம் லுணுகலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. தட்டு மாத்தப் போற நேரம், இந்த எழவு மழை விடாது போலன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா தட்டைக் கீழ வச்சாங்க. போயிட்டாங்க. அதுக்கு மகள் வருத்தப்படல. இது அப்படியில்ல. இந்த மாப்பிள்ளையும் அவளும் பதுளையில ஒரே கடையில வேலை. அவளுக்குப் பிடிச்ச பையன்.

முந்தின நாளே வந்து எதிர்ல உக்காந்தா.

"அப்பா, நாளைக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு இருங்க. எனக்காக."

இருந்தேன். தகரத்துல மழை கொட்டுச்சு. முழுங்கிட்டேன். தேத்தண்ணி கையில சிந்திச்சு. முழுங்கிட்டேன். அவங்க என்ன கேட்டாலும் ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். மாப்பிள்ளையோட அப்பாவும் அதிகம் பேசல. காலை மட்டும் அசைச்சுக்கிட்டே இருந்தாரு.

கடைசியில அந்தம்மா என் பொஞ்சாதிகிட்ட, உங்க வீட்டுக்காரருக்கு இதுல இஷ்டமில்லையான்னு கேட்டுட்டாங்க. மாப்பிள்ளை முகம் செத்துப் போச்சு. உள்ளறைக் கதவுத் துணி அசைஞ்சுச்சு. மகள் அங்கதான் நிக்கிறா.

இனி சும்மா இருந்தா காரியம் கெட்டுரும்.

"இஷ்டம்தாங்க. வாயைத் திறந்தா எழவுன்னுதான் வரும். அதான் பேசல."

என் பொஞ்சாதி கண்ணை மூடிக்கிட்டா.

மாப்பிள்ளையோட அப்பா வேட்டியைக் கொஞ்சம் தூக்கினாரு. கெண்டைக்கால்ல ரத்தம். ரெண்டு அட்டை, பெருவிரல் மொத்தத்துக்கு.

"இந்த எழவு அரை மணி நேரமா குடிக்குது சம்மந்தி. பஸ்ஸுல வரும்போதே இவ என் வாயைக் கட்டிட்டா."

சம்மந்தின்னுட்டாரு.

முதல்ல சிரிச்சது அந்தம்மாதான். என் பொஞ்சாதி சுவரைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. யாரும் கூப்பிடாமலே மகள் அட்டையில போட உப்போட வெளிய வந்து அவர் கால்கிட்ட உக்காந்தா. பொண்ணைப் பார்த்தாச்சு, தட்டை எடுங்கன்னாரு அவர்.

அதுக்கப்புறம் அவரும் நானும் வாயை மூடவே இல்ல. பூனாகலை ரோட்டு எழவு, எங்க மலை எழவு, விலைவாசி எழவு. தட்டு மாத்தி முடியிற வரைக்கும் எத்தனை தடவைன்னு மகள் எண்ணியிருக்கா.

முப்பத்தி நாலு.