நடுவில் எழுந்து போன சனம்

லா தெஹா பேட்டையில் எங்கள் மன்றத்துக்கு எவனும் கூரை போட்டுக் கொடுக்கவில்லை. நாங்களே சுமந்தோம், நாங்களே போட்டோம். மொந்தெவிதேயோ நகரத்தில் இதற்கு ஈடாக இன்னொரு மன்றம் இருந்தால் காட்டட்டும், பார்க்கலாம். அந்தக் கூடத்தில்தான், ரொட்டிக்கடையில் மாவு பிசையும் யானினா பெந்தான்கோர் சனிக்கிழமைகளில் நாடகம் போட்டாள்.

அவளுடைய முதல் நாடகத்தைப் பார்க்க நாளிதழ் விமர்சகர் இத்துர்ரால்டே வந்தார். “ஒருவர் பேசும்போது மற்றவர்கள் எதற்கோ காத்து நிற்கிறார்கள். பேருந்துக்கு என்று நினைக்கிறேன்” என்று எழுதினார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, “இயக்குநர் இருட்டைப் பெரிதும் நம்புகிறார். நானும் அதில் நன்றாகத் தூங்கினேன்” என்றார். யானினாவுக்கு இரண்டும் மனப்பாடம். மாவைக் குத்தும்போது சொல்லிச் சொல்லிக் குத்துவாள்.

மூன்றாவது நாடகத்துக்கு முன் மன்றத் தலைவரான கொத்தனார் எவரிஸ்தோ அவளைக் கூப்பிட்டார்.

“இந்தா பொண்ணு, பந்து உருட்டி வெளையாடுறவங்க சனிக்கிழமைக்குக் கூடத்தக் கேக்கறாங்க. இந்தத் தடவையும் அந்தாளு கிழிச்சு எழுதினா, கூடம் அவங்களுக்குத்தான்.”

“அவரு எழுதறத வச்சா முடிவு பண்ணுவீங்க, டோன் எவரிஸ்தோ?” மரியாதைக்கு ‘டோன்’ போட்டுத்தான் கேட்டாள்.

“எனக்கு நாடகம் தெரியாதும்மா. செங்கல்தான் தெரியும்.”

அது இறைச்சி ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றிய நாடகம். பாதியில் தொழிலாளிகள் மேடையை விட்டு இறங்கி, பாடிக்கொண்டே கூட்டத்தின் நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போவார்கள். அவர்களில் ஒருவனின் மனைவியாக நடிக்கும் தெல்ஃபினா மட்டும் மேடையில் நிற்பாள். அதற்கப்புறம் அவள் பேசுவதுதான் நாடகத்தின் உயிர்.

இங்கேயே பிறந்து வளர்ந்த யானினா ஒன்றை மறந்துவிட்டாள். கார்னிவல் திருவிழாவில் ஆட்டம் முடிந்ததும் முர்கா பாட்டுக் குழு விடைபெறும் பாட்டைப் பாடியபடி இப்படித்தான் சனத்துக்குள் இறங்கி நடக்கும். அப்போது நாங்கள் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். கூடவே பாடி, கைதட்டி, அவர்களுடைய பேருந்து வரைக்கும் கொண்டுபோய் விட்டுத்தான் திரும்புவோம்.

நடிகர்கள் இறங்கினார்கள். கூடம் மொத்தமும் எழுந்து பின்னாலேயே போய்விட்டது.

மேடையில் தெல்ஃபினா வாயைத் திறந்தபடி நின்றாள். “ஏய் யானினா, இப்ப நான் யாருகிட்ட அழறது?”

யானினா தெருவுக்கு ஓடினாள். “முடியலங்க! நாடகம் இன்னும் முடியல! உள்ள வாங்க!”

“போகும்போது எல்லா முர்காக்காரனும் ‘முடியல’ன்னுதான் பாடறான்!” என்று ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். “பிரமாதம்டீ கண்ணு!” என்று இன்னொருத்தி கட்டிக்கொண்டாள். கூட்டத்தின் நடுவே, பாட்டின் கடைசி வரியைப் பாடிக் கைதட்டிக்கொண்டிருந்த ஆளை அப்போதுதான் அவள் பார்த்தாள். இத்துர்ரால்டே!

“நீங்களுமா ஐயா?”

“பழக்கம்மா. காலு தானா எந்திரிச்சிருச்சு” என்றார் அவர், முகம் சிவக்க.

கூடம் கைவிட்டுப் போனது என்று யானினா அன்றே முடிவு கட்டிவிட்டாள். விமர்சனம் வந்ததும் எவரிஸ்தோ கண்ணாடியை மாட்டி, மன்றத்தில் எல்லோருக்கும் உரக்க வாசித்தார்: “முந்தைய இரண்டும் எனக்காகச் செய்தவை போலிருந்தன. அதனால் செத்துக் கிடந்தன. இது அவளுடைய சனத்துக்கானது. முடிவை நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. மறுபடி வருகிறேன்.”

“இது நல்லதா கெட்டதாய்யா?” என்று பந்து உருட்டுகிறவர் ஒருவர் கேட்டார்.

“அவரே முழுசாப் பாக்கல. பாதி வீட்டப் பாத்து எவனாவது வெல சொல்வானா? இன்னொரு சனிக்கிழமை ஆடட்டும்” என்றார் எவரிஸ்தோ.

அந்தச் சனிக்கிழமை நிற்கக்கூட இடமில்லை. தொழிலாளிகள் இறங்கி நடந்தபோது கதவில் சாய்ந்து நின்ற எவரிஸ்தோ, “ஒருத்தரும் எந்திரிக்கப்படாது!” என்று அதட்டினார். சனம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓர ஆசனத்தில் இத்துர்ரால்டே பாதி எழுந்துவிட்டார். யானினா ஓடிப்போய் அவர் தோளை அழுத்தினாள்.

“உக்காருங்க ஐயா, இனிமேதான் இருக்கு.”

தெல்ஃபினா பேசத் தொடங்கினாள். அவள் முடிக்கும்போது எவரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பந்துக்காரரிடம், “நீங்க ஞாயித்துக்கிழம உருட்டிக்குங்கய்யா” என்றார்.